பைல் உண்மையானதா? ஹேஷ் எண் சொல்லும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் செய்யும் முதல் வேலை என்ன? படம் பார்க்க வி.எல்.சி. பிளேயர், கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ், போட்டோக்களைத் திருத்த கிம்ப் என இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்வது தான். பைல் இறங்கியவுடன் அதன் மீது இரண்டு முறை கிளிக் செய்கிறோம். இந்த புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்களைச் செய்திட அனுமதிக்கிறீர்களா என்று விண்டோஸ் கேட்கிறது. கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே "யெஸ்" பட்டனில் கிளிக் செய்து விடுகிறோம்.

அந்த ஒரு கிளிக், வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுப்பதற்குச் சமம். யாரிடம் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியுமா? பைலின் பெயர் சரியாக இருக்கிறது. ஐகான் சரியாக இருக்கிறது. ஆனால் பெயர், ஐகான், தேதி, அளவு ஆகிய நான்கையும் யார் வேண்டுமானாலும் தங்கள் விருப்பப்படி அமைத்துவிட முடியும். பைலுக்கு உள்ளே இருப்பது என்ன என்பதை இவற்றில் எதுவும் உறுதியாகச் சொல்லாது.

அதைச் சொல்லக் கூடியது ஒன்று உண்டு. அதன் பெயர் ஹேஷ். டவுன்லோட் பக்கங்களில் எண்களும் எழுத்துக்களுமாகக் கலந்து, பொருள் புரியாமல் நீளமாக ஒரு வரி தரப்பட்டிருக்கும். பலரும் அதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு அப்படியே கடந்து சென்றிருப்பீர்கள். அந்த வரி எதற்காக என்பதையும், அதை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

2016 பிப்ரவரி 20 அன்று நடந்தது

லினக்ஸ் மின்ட் என்பது புதியவர்களுக்கும் எளிதாக இருக்கும் வகையில் அமைக்கப்பட்ட ஓர் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் டிவிடி இமேஜ் பைலை அதன் இணைய தளத்தில் இருந்து யாரும் டவுன்லோட் செய்து கொள்ளலாம். 2016 ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று, அந்த இணைய தளத்திற்குள் ஒருவர் அத்துமீறி நுழைந்தார். தளத்தின் தோற்றத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை. மின்ட் 17.3 பதிப்பின் சினமன் எடிஷனுக்கான டவுன்லோட் லிங்க்கை மட்டும் மாற்றினார். அதில் கிளிக் செய்தவர்களுக்கு, பல்கேரியா நாட்டின் சோபியா நகரில் இருந்த வேறொரு சர்வரிலிருந்து பைல் வந்தது.

வந்த பைலும் மின்ட் தான். அதே திரை, அதே மெனு, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் உள்ளே "சுனாமி" என்ற பெயர் கொண்ட ஒரு கெடுதல் புரோகிராம் சேர்க்கப்பட்டிருந்தது. அது இன்டர்நெட் சாட் நெட்வொர்க் ஒன்றில் இணைந்து, தன் எஜமானரின் கட்டளைக்காகக் காத்திருக்கும். கட்டளை வந்தால், உங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டு மற்றவர்களின் தளங்களைத் தாக்கும். புதிய பைல்களை இறக்கி இயக்கும். உங்களுக்கு எதுவும் தெரியாது.

மின்ட் திட்டத்தின் தலைவர் கிளமென்ட் லெபெவ்ர் உடனடியாக இதனை வெளிப்படையாக அறிவித்தார். உண்மையான பைல்களின் ஹேஷ் எண்களைத் தந்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். எண் பொருந்தவில்லை என்றால் பைலை அழித்துவிடுங்கள், டிவிடியில் பதிந்திருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள் என்றார். இன்ஸ்டால் செய்துவிட்டவர்களுக்கு, கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து துண்டிக்கவும், மீண்டும் புதிதாக இன்ஸ்டால் செய்திடவும், முக்கியமான பாஸ்வேர்ட்களை மாற்றிடவும் அறிவுரை தந்தார்.

இந்த நிகழ்வின் இன்னொரு பக்கத்தைப் பின்னர் பார்ப்போம். முதலில் ஹேஷ் என்றால் என்ன என்று தெரிந்து கொள்ளலாம்.

ஹேஷ் என்பது பைலின் கைரேகை

பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் எழுதி வாங்கிய பிறகும் விரல் ரேகையைப் பதியச் சொல்வார்கள். பெயர் ஒன்றாக இருக்கலாம்; முகம் கூட ஒத்துப் போகலாம். ரேகை பொருந்தாது. பைலுக்கு அந்த ரேகை தான் ஹேஷ்.

ஹேஷ் கணக்கிடும் புரோகிராம், ஒரு பைலை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்து, குறிப்பிட்ட ஒரு கணக்கின் வழியாக அதனைக் கலக்கிப் பிழிந்து, ஒரே அளவிலான ஓர் எண்ணைத் தருகிறது. பைல் ஒரு வரிக் கடிதமாக இருந்தாலும், 3 ஜிபி அளவுள்ள டிவிடி இமேஜாக இருந்தாலும், விடையின் நீளம் மாறாது. இந்த எண் 0 முதல் 9 வரையிலான எண்களாலும், ஆங்கில எழுத்துக்களில் "ஏ" முதல் "எப்" வரையிலான ஆறு எழுத்துக்களாலும் எழுதப்படும். ஆக ஒவ்வோர் இடத்திலும் 16 குறியீடுகளில் ஏதேனும் ஒன்று இருக்கும்.

இதில் மூன்று குணங்கள் முக்கியம். ஒன்று: அதே பைலுக்கு எங்கே, எப்போது, எந்தக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டாலும் அதே எண் தான் வரும். இரண்டு: பைலில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், எண் முழுவதும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மூன்று: எண்ணை வைத்துக் கொண்டு பைலைத் திரும்பத் தயாரிக்க முடியாது. ரேகையைப் பார்த்து ஆளை உருவாக்க முடியாது அல்லவா, அது போலத் தான்.

எந்த ஹேஷ் நல்லது?

டவுன்லோட் பக்கங்களில் பெரும்பாலும் மூன்று பெயர்களைக் காணலாம்.

எம்.டி.5: 1991ல் ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற அமெரிக்க அறிஞர் வடிவமைத்தது. விடை 32 எழுத்துக்கள். 2004ல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் தலைமையிலான குழு, இரண்டு வெவ்வேறு தகவல்களுக்கு ஒரே எம்.டி.5 எண் வரும்படி செய்து காட்டியது. வேண்டுமென்றே ஏமாற்றுபவரிடம் இதை நம்பக் கூடாது. டவுன்லோட் செய்கையில் பைல் கெட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும்.

எஸ்.எச்.ஏ. 1: 1995ல் வந்தது. விடை 40 எழுத்துக்கள். 2017 பிப்ரவரியில், கூகுள் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஒரே எஸ்.எச்.ஏ. 1 எண் கொண்ட இரண்டு வெவ்வேறு பி.டி.எப். பைல்களைத் தயாரித்து வெளியிட்டன. 2030 முடிவதற்குள் இதனை முழுமையாகக் கைவிட வேண்டும் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2022ல் அறிவித்தது.

எஸ்.எச்.ஏ. 256: விடை 64 எழுத்துக்கள். இதில் வரக்கூடிய எண்களின் மொத்த எண்ணிக்கையை எழுதினால் அது 78 இலக்கங்கள் கொண்டதாக இருக்கும். இரண்டு வெவ்வேறு பைல்களுக்கு ஒரே எண் வரும்படி இதுவரை யாரும் செய்து காட்டியதில்லை. மூன்றும் தரப்பட்டிருந்தால், இதனையே பயன்படுத்தவும்.

நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் 10 மற்றும் 11 சிஸ்டங்களில் ஹேஷ் கணக்கிடும் வசதி கூடவே தரப்பட்டுள்ளது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு சிறிய சோதனை.

1. நோட்பேட் திறந்து உங்கள் பெயரை டைப் செய்து, டெஸ்க்டாப்பில் சேவ் செய்திடவும்.

2. ஸ்டார்ட் அழுத்தி "பவர்ஷெல்" என ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். கிடைக்கும் பட்டியலில் விண்டோஸ் பவர்ஷெல் என்பதில் கிளிக் செய்தால் ஒரு விண்டோ திறக்கும்.

3. அதில் கெட், பைல், ஹேஷ் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை டைப் செய்திட வேண்டும். முதல் சொல்லை அடுத்து ஒரு ஹைபன் அமைக்கவும். மற்ற இரண்டையும் இடைவெளி இன்றிச் சேர்த்து அமைக்கவும். முடிவில் ஒரு முறை ஸ்பேஸ் பார் தட்டவும். இன்னும் என்டர் தட்ட வேண்டாம்.

4. டெஸ்க்டாப்பில் உள்ள பைலை மவுஸால் இழுத்து வந்து இந்த விண்டோவில் விடவும். பைலின் முழு முகவரி தானாக அமைந்துவிடும். இப்போது என்டர் தட்டவும்.

64 எழுத்துக்கள் கொண்ட எஸ்.எச்.ஏ. 256 எண் கிடைக்கும். அதனை எங்காவது காப்பி செய்து வைத்துக் கொள்ளவும். இனி பைலின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் கணக்கிடவும். அதே எண் தான் வரும். பென் டிரைவிற்குக் காப்பி செய்து, அங்கிருந்து கணக்கிடவும். அதே எண். இப்போது பைலைத் திறந்து, உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளி வைத்து, சேவ் செய்து கணக்கிடவும். முற்றிலும் வேறு எண்! ஹேஷ் பார்ப்பது பெயரை அல்ல, உள்ளே இருப்பதைத் தான் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கட்டளை டைப் செய்வது பிடிக்காதவர்கள், 7-ஜிப் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். அதன் பின் எந்த பைல் மீதும் ரைட் கிளிக் செய்தால், மெனுவில் "சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ." என்ற பிரிவு கிடைக்கும். அதில் எஸ்.எச்.ஏ. 256 தேர்ந்தெடுத்தால் எண் காட்டப்படும். விண்டோஸ் 11ல் முதலில் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதில் கிளிக் செய்தால் இந்த மெனு கிடைக்கும். லினக்ஸிலும் மேக் கம்ப்யூட்டர்களிலும் டெர்மினல் வழியாக இதே வேலையைச் செய்திடலாம்.

ஒப்பிடுவது எப்படி?

வி.எல்.சி., கிம்ப் ஆகியவற்றின் டவுன்லோட் பக்கங்களில் எஸ்.எச்.ஏ. 256 எண் தரப்படுகிறது. லிப்ரே ஆபீஸ் தளத்தில் டவுன்லோட் லிங்க் அருகில் உள்ள "இன்போ" என்ற லிங்க்கில் கிளிக் செய்தால் கிடைக்கும். வேறு சில தளங்களில் "செக்சம்" என்ற பெயரில் தரப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்று தான்.

64 எழுத்துக்களைக் கண்ணால் ஒப்பிடுவது சிரமம். முதல் நான்கும் கடைசி நான்கும் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது. அந்த எட்டு மட்டும் பொருந்தும்படி ஒரு பைலைத் தயாரிப்பது முடியாத காரியம் அல்ல. எளிய வழி ஒன்று உள்ளது. பவர்ஷெல் தந்த எண்ணை மவுஸால் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + சி அழுத்தி காப்பி செய்யவும். பின் பிரவுசரில் எண் தரப்பட்டுள்ள பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் + எப் அழுத்தி, தேடும் கட்டத்தில் பேஸ்ட் செய்திடவும். எண் கண்டறியப்பட்டு நிறம் மாறிக் காட்டப்பட்டால், இரண்டும் ஒன்று. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், முதலில் தளத்தில் உள்ளது எஸ்.எச்.ஏ. 256 எண் தானா, நீங்கள் இறக்கிய அதே பதிப்பிற்கு உரியதா என்று பார்க்கவும். அதுவும் சரி என்றால் பைலை இயக்க வேண்டாம். அழித்துவிட்டு மீண்டும் டவுன்லோட் செய்திடவும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம்.

எண் பொருந்தவில்லை என்றாலே யாரோ சதி செய்துவிட்டார்கள் என்று பொருள் அல்ல. டவுன்லோட் நடுவில் அறுந்திருக்கலாம். பென் டிரைவ் பழுதாகி இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த பைல் நமக்கு வேண்டாம்.

திருடனே பூட்டையும் மாற்றினால்?

இப்போது லினக்ஸ் மின்ட் நிகழ்வுக்கு மீண்டும் வருவோம். மின்ட் தளத்தில் அப்போதும் ஹேஷ் எண்கள் தரப்பட்டிருந்தன. அப்படியானால் டவுன்லோட் செய்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் தாக்கியவர் பின்னர் செய்தியாளர் ஒருவரிடம் கூறியபடி, டவுன்லோட் பக்கத்தில் இருந்த எண்ணையும் அவர் மாற்றி, தன் போலி பைலின் எண்ணை வைத்திருந்தார். யார் அதையெல்லாம் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேலியாகக் கேட்டார்.

பைல் வந்த அதே பக்கத்திலிருந்து எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால், அந்தப் பக்கம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைத் தான் இரண்டு முறை கேட்கிறோம். எண் எவ்வளவு நீளமானது என்பதைவிட, அது எங்கிருந்து வந்தது என்பது முக்கியம்.

இதன் மறுபக்கத்தை அடுத்த ஆண்டே பார்க்க முடிந்தது. ஹேண்ட்பிரேக் என்பது வீடியோ பைல்களை ஒரு பார்மட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். 2017 மே 2 முதல் மே 6 வரை, அதன் டவுன்லோட் சர்வர்களில் ஒன்று மட்டும் தாக்குதலுக்கு உள்ளானது. அந்த சர்வரில் மேக் கம்ப்யூட்டருக்கான பைல், பாஸ்வேர்ட்களைத் திருடும் புரோட்டான் என்ற கெடுதல் புரோகிராம் கலந்த பைலாக மாற்றப்பட்டது. அந்த நாட்களில் டவுன்லோட் செய்தவர்களுக்குப் போலி கிடைக்க சரிபாதி வாய்ப்பு இருந்ததாக ஹேண்ட்பிரேக் குழு அறிவித்தது. ஆனால் முதன்மைத் தளம் தாக்கப்படவில்லை. பைல் ஓர் இடத்திலும், எண் வேறோர் இடத்திலும் இருந்தால் ஹேஷ் தன் வேலையைச் செய்யும். ஒப்பிட்டுப் பார்த்தவர்களிடம் அந்தப் போலி பிடிபட்டிருக்கும்.

ஒப்பிடாதவர்களுக்கு நேர்ந்தது என்ன? மேக் புரோகிராம்களைத் தயாரிக்கும் பானிக் என்ற நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர், தானே இந்தப் போலியை இயக்கிவிட்டதாகப் பின்னர் வெளிப்படையாக எழுதினார். அவர் கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்ட்கள் திருடப்பட்டு, அவற்றின் மூலம் நிறுவனத்தின் புரோகிராம் மூலக் குறியீடுகள் காப்பி எடுக்கப்பட்டன. பணம் கேட்டு மிரட்டலும் வந்தது. அனுபவம் உள்ளவர்களுக்கே இது நேரும்.

ஹேண்ட்பிரேக்கை ஏற்கனவே வைத்திருந்து, புரோகிராமில் உள்ள அப்டேட் வசதி மூலம் (1.0 மற்றும் அதன் பின் வந்த பதிப்புகளில்) புதுப்பித்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. அந்த வசதி, பைலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைச் சோதித்த பிறகே இன்ஸ்டால் செய்யும்.

டிஜிட்டல் கையெழுத்து என்ன செய்கிறது?

தயாரிப்பாளரிடம் இரண்டு கீகள் உள்ளன. ஒன்று ரகசியமானது, அவரிடம் மட்டும் இருக்கும். மற்றொன்று அனைவருக்கும் தரப்படும். பைலின் ஹேஷ் எண்ணை ரகசிய கீ கொண்டு முத்திரை இடுவது தான் டிஜிட்டல் கையெழுத்து. பொது கீ கொண்டு யாரும் அதைச் சோதிக்கலாம். ஆனால் முத்திரை இட முடியாது. இணைய தளத்தைத் தாக்கியவர் எண்ணை மாற்றலாம். ரகசிய கீ அந்தத் தளத்தில் இல்லாத வரை, முத்திரையை அவரால் போட முடியாது. லினக்ஸ் மின்ட் இப்போது எஸ்.எச்.ஏ. 256 எண்களின் பட்டியலையும், அதற்கான கையெழுத்தையும் தனித்தனி பைல்களாகத் தருகிறது.

விண்டோஸில் இதனைச் சோதிப்பது எளிது. இன்ஸ்டாலர் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" என்ற டேப் இருந்தால் அதில் கிளிக் செய்து, பட்டியலில் உள்ள பெயரைத் தேர்ந்தெடுத்து, "டீடெய்ல்ஸ்" அழுத்தவும். கையெழுத்து சரியாக உள்ளது என்ற செய்தி கிடைக்க வேண்டும். பெயர் இருப்பது மட்டும் போதாது. வி.எல்.சி. எனில், அதன் தயாரிப்பாளரான வீடியோலேன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும். எல்லா ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களிலும் இந்த டேப் இருக்காது. இல்லாத போது ஹேஷ் எண்ணை மட்டுமே நம்ப வேண்டியதிருக்கும்.

பேக்கேஜுக்குள் ஒவ்வொரு பைலுக்கும் ஓர் எண்

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேலையின் பெரும்பகுதி தானாகவே நடக்கிறது. டெபியன், உபுண்டு, மின்ட் போன்றவற்றில் புரோகிராம்கள் பேக்கேஜ் என்ற மூட்டையாக வருகின்றன. அங்கே ஒரு சங்கிலி அமைக்கப்பட்டுள்ளது. தலைப் பட்டியல் ஒன்றில் தயாரிப்பாளர்கள் கையெழுத்து இடுகிறார்கள். அதில், பேக்கேஜ் பட்டியல்களின் ஹேஷ் எண்கள் இருக்கும். பேக்கேஜ் பட்டியலில், ஒவ்வொரு பேக்கேஜின் எஸ்.எச்.ஏ. 256 எண் இருக்கும். ஒரு கண்ணி பொருந்தவில்லை என்றாலும் இன்ஸ்டால் நடக்காது. அதனால் தான் லினக்ஸில் பிரவுசர் மூலம் அலைந்து தேடாமல், சாப்ட்வேர் மேனேஜர் மூலமே புரோகிராம்களை இறக்கச் சொல்கிறோம்.

மூட்டைக்கு உள்ளே இருக்கும் பைல்களுக்கும் எண் உண்டு. டெபியன் வகை பேக்கேஜ்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பைலுக்கும் எம்.டி.5 எண் கொண்ட ஒரு பட்டியல் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். "டெப்சம்ஸ்" என்ற சிறிய டூலை இன்ஸ்டால் செய்து இயக்கினால், உங்கள் டிஸ்க்கில் இப்போது உள்ள பைல்களை அந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறது என்று சொல்லும். திடீரென ஒரு புரோகிராம் திறக்க மறுக்கிறது, டிஸ்க்கில் பழுதோ என்று சந்தேகம் வருகிறது என்றால் இது மிகவும் உதவும். ஆனால் இங்கும் பழைய பாடம் மாறவில்லை. பட்டியலும் அதே கம்ப்யூட்டரில் தான் உள்ளது. உள்ளே நுழைந்து முழு உரிமை பெற்றவர், பைலுடன் பட்டியலையும் மாற்ற முடியும்.

பெயர் தெரியாத பைலை அடையாளம் காண

இதுவரை பைல் நாம் நினைத்தது தானா என்று பார்த்தோம். ஹேஷ் எண்ணைக் கொண்டு, இந்த பைல் எது என்றும் கண்டுபிடிக்கலாம்.

2021 டிசம்பரில் உலகம் முழுவதும் இதற்குப் பெரிய தேவை ஏற்பட்டது. லாக்4ஜே என்பது ஜாவா புரோகிராம்கள் தங்கள் செயல்பாடுகளைக் குறித்து வைக்கப் பயன்படுத்தும் ஓர் ஓப்பன் சோர்ஸ் தொகுப்பு. அதில் மிக மோசமான பிழை ஒன்று இருப்பது தெரிய வந்தது. குழந்தைகள் விளையாடும் மைன்கிராப்ட் விளையாட்டின் ஜாவா எடிஷன் கூட இதனால் பாதிக்கப்பட்டது. ஆனால் லாக்4ஜே எங்கெங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. மற்ற புரோகிராம்களின் மூட்டைக்குள் மூட்டையாக, சில இடங்களில் வேறு பெயருடன் அது இருந்தது. எனவே பிழை உள்ள பதிப்புகளின் ஹேஷ் எண் பட்டியல்கள் வெளியிடப்பட்டன. டிஸ்க்கில் உள்ள பைல்களின் எண்களை அந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டால், பெயர் என்னவாக இருந்தாலும் பைல் சிக்கிவிடும். ஒரே குறை, யாராவது அந்தத் தொகுப்பைச் சிறிது மாற்றித் தாங்களே மீண்டும் தயாரித்திருந்தால் எண் மாறியிருக்கும், வலையில் விழாது.

இதே அடிப்படையில் இயங்குவது, 2016ல் பிரான்ஸ் நாட்டின் இன்ரியா ஆய்வு நிறுவனம் தொடங்கிய சாப்ட்வேர் ஹெரிட்டேஜ் என்ற காப்பகம். உலகில் பொதுவில் கிடைக்கும் மூலக் குறியீட்டு பைல்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் அதன் ஹேஷ் எண்ணைக் கொண்டே அடையாளம் காண்கிறது. ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பைல்கள் அங்கு உள்ளன. ஒரே பைல் ஆயிரம் பேக்கேஜ்களில் இருந்தாலும் ஒரே பிரதி தான் வைக்கப்படும்.

வீட்டில் நமக்குப் பயன்படுவது வைரஸ்டோட்டல் என்ற தளம். டவுன்லோட்ஸ் போல்டரில் எப்போதோ வந்து கிடக்கும் ஒரு பைல் மீது சந்தேகமா? அதன் எஸ்.எச்.ஏ. 256 எண்ணைக் கணக்கிட்டு, அந்தத் தளத்தின் தேடும் கட்டத்தில் இடவும். யாரேனும் அதே பைலை முன்பே அங்கு அனுப்பி இருந்தால், பல ஆன்டி வைரஸ் புரோகிராம்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டப்படும். பைலையே அனுப்ப வேண்டியதில்லை என்பதால், சொந்த விஷயங்கள் வெளியே போகாது. எண் அங்கே இல்லை என்றால், பைல் நல்லது என்று பொருள் அல்ல. இதுவரை அங்கு யாரும் அனுப்பவில்லை என்று மட்டுமே பொருள்.

ஹேஷ் சொல்லாத ஒன்று

எண் பொருந்துகிறது, கையெழுத்தும் சரியாக இருக்கிறது. அப்படியானால் பைல் நல்லதா? தயாரிப்பாளர் வெளியிட்ட அதே பைல் தான் என்பது மட்டும் உறுதி. தயாரிப்பாளரே நல்லவரா என்பதை ஹேஷ் சொல்லாது.

2024 மார்ச் 29 அன்று வெளியான செய்தி இதற்குச் சான்று. லினக்ஸ் சிஸ்டங்களில் பைல்களைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்.இசட். என்ற தொகுப்பின் 5.6.0 மற்றும் 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் வெளியாள் அல்ல. ஆண்டுக்கணக்கில் உதவி செய்து, நம்பிக்கை பெற்று, அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர்களில் ஒருவராகவே ஆனவர். எனவே ஹேஷ் எண், கையெழுத்து எல்லாம் சரியாகவே இருந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் லாக் இன் ஆக வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டிப் பார்த்ததால் தான் இது வெளிவந்தது.

இதிலும் ஒரு தடயம் இருந்தது. கதவைத் திறந்து வைக்கும் பைல்களில் ஒன்று, டவுன்லோட் மூட்டையில் மட்டும் இருந்தது; அனைவரும் பார்க்கக்கூடிய பொது மூலக் குறியீட்டில் இல்லை. பைல் பைலாக ஒப்பிட்டிருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்கும். ஆனால் இது போன்ற மூட்டைகளில் கூடுதல் பைல்கள் இருப்பது வழக்கம் என்பதால், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இனி என்ன செய்திட வேண்டும்?

புரோகிராம்களை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடவும். தேடல் முடிவுகளில் மேலே வரும் விளம்பர லிங்க்குகளில் கிளிக் செய்ய வேண்டாம். ஆப்பரேட்டிங் சிஸ்டம், பாஸ்வேர்ட் காக்கும் புரோகிராம் போன்ற முக்கியமானவற்றிற்குக் கட்டாயம் எஸ்.எச்.ஏ. 256 எண்ணைச் சோதிக்கவும். முடிந்தால் அந்த எண்ணை, பைல் வந்த இடத்திலிருந்து அல்லாமல் வேறோர் இடத்திலிருந்து பெறவும். டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் அதனையும் பார்க்கவும். இன்ஸ்டால் செய்த பின்னர், அந்த புரோகிராமில் உள்ள அப்டேட் வசதியையே பயன்படுத்தவும்.

இவை அனைத்திற்கும் சேர்த்து இரண்டு நிமிடங்கள் தான் ஆகும். யார் அதையெல்லாம் சோதிக்கப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டாரே, அவருக்கான பதில் உங்கள் கையில் உள்ளது. இன்றைக்கே உங்கள் டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்து, கடைசியாக இறக்கிய பைலிலிருந்து தொடங்குங்களேன்.